கொலம்பியா நதியின் மேல்காற்று

கொலம்பியா நதியைக் காணச் சென்றேன் என்பதிலும் பார்க்க, அந்நதியின் மீது வீசும் காற்றைக் காணச் சென்றேன் என்பதே பொருந்தும். அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்திலே, போட்லண்ட் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தூரத்தில், ஹூட் றிவர் என்றொரு சிற்றூர் உண்டு. பேரிக்காய்த் தோட்டங்களுக்குப் பெயர்போன ஊர். தெற்கே பனி மூடிய ஹூட் மலை. வடக்கே, நதிக்கு அப்பால் வாஷிங்டன் மாநிலத்தில், அடம்ஸ் மலை. இத்தனை அழகிருந்தும், கோடையில் இங்கு வருவோரிற் பலர் மலையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. வாகனத்தை நிறுத்தியதும் மரக்கிளைகளைப் பார்க்கிறார்கள். கிளைகள் பேயாட்டம் ஆடினால் அவர்கள் முகம் மலர்கிறது.

காரணம் இதுதான். காஸ்கேட் மலைத்தொடரைப் பிளந்துகொண்டு கொலம்பியா நதி மேற்கே பசிபிக் சமுத்திரத்தை நோக்கி ஓடுகிறது. கோடை வெயிலில் கிழக்கேயுள்ள வறண்ட நிலம் காய்ந்து, அங்குள்ள காற்று சூடேறி மேலெழுகிறது. மேற்கே சமுத்திரத்தின் மீதோ குளிர்ந்து கனத்த காற்று நிற்கிறது. அது கிழக்கே செல்ல மலை இடங்கொடாது. நதி அறுத்த பள்ளத்தாக்கே அதற்கு வாசல். முன்கதவையும் பின்கதவையும் திறந்துவைத்த வீட்டின் நடுவறையில் எப்படிக் காற்று அள்ளிக்கொண்டு போகுமோ, அப்படித்தான் இங்கும். நீர் மேற்கே ஓட, காற்று கிழக்கே வீச, இரண்டும் எதிர்ப்பட்டு நதியிலே கடலைப் போன்ற அலைகள் எழும்புகின்றன.

இக்காற்றை நாடி வருவோர் ஆடுவது விண்ட்சேர்ஃபிங் எனும் பாய்ப்பலகை விளையாட்டு. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹொய்ல் ஷ்வைற்சர், ஜிம் டிரேக் என்னும் இருவர் 1968இல் இதற்குக் காப்புரிமை கோரினர்; 1984இல் இது ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது. பலகையின் மேல் எப்பக்கமும் சாயக்கூடிய ஒரு பாய்மரம். இரு கைகளாலும் பற்ற ஒரு வளைகழி. பலகையின் அடியில் மீனுக்குள்ளது போல் ஒரு செட்டை. சுக்கான் கிடையாது. மரத்தை முன்னே சாய்த்தால் பலகை காற்று போகும் திசைக்குத் திரும்பும். பின்னே சாய்த்தால் காற்றை எதிர்நோக்கும். அவ்வளவே.

போட்லண்டில் படிக்கும் என் பெறாமகளே என்னை அங்கு அழைத்துச் சென்றாள். காலை பதினொரு மணிக்குக் காற்று இதமாகவே இருந்தது. அவள் 5.7 சதுர மீற்றர் பாயை விரித்தாள். சோழகக் காற்றில் தீவுப்பகுதி வள்ளங்கள் பாயைச் சுருக்கி வருவதைச் சிறுவயதிற் கண்டவன் நான். "பாய் பெரிதல்லவோ, பிள்ளை?" என்றேன். "இது தாங்கும், சித்தப்பா" என்றாள். பாயைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று அடங்கிவிட்டேன்.

இரண்டு மணிக்கு நதி முழுவதும் வெண்ணுரையாயிற்று. அனுபவசாலிகள் ஒவ்வொருவராகக் கரையேறிச் சிறிய பாய்களை மாட்டினார்கள். அவள் மட்டும் நடு நதியில். பயத்தில் நாம் எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள்: நிமிர்ந்து நின்றாள், பாயைத் தளர்த்தினாள். தளர்ந்த பாய் படபடவென்று அடித்தது. பலகையின் மூக்கு மேலெழுந்தது. அதனடியிற் காற்று புகுந்தது. மறுகணம் அவளும் பாயும் குப்புற நீரில்.

அந்த வேளை பார்த்துக் கிழக்கேயிருந்து பாரப்படகுகளைத் தள்ளிக்கொண்டு ஒரு இழுவைக் கப்பல் வந்தது. ஆழமான பாதையை விட்டு அவை விலக முடியாது. நினைத்தவுடன் நிற்கவும் முடியாது. இரண்டு தடவை பாயை உயர்த்தினாள். இரண்டு தடவையும் காற்று அடித்து வீழ்த்தியது. என் கால்கள் நடுங்கின. பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர், "அவள் பலகையை விடவில்லை, அதுதான் முக்கியம்" என்றார். நீந்திக் கரைசேரலாம் என்று பலகையைக் கைவிடுவோருக்கே பேராபத்தாம். மூன்றாம் முறை பாய் அவளைத் தூக்கி நிறுத்திற்று. பாரப்படகுகள் அவளை உரசிக்கொண்டு போனதாகவே எனக்குத் தோன்றியது. பின்னர் கேட்டபோது முந்நூறு யாருக்கு மேல் இருக்கும் என்றாள்.

கரையேறியவளை முதியவர் கடிந்துகொள்ளவில்லை. தம் 4.2 மீற்றர் பாயையே எடுத்துக் கொடுத்தார். அடிமூலைக் கயிற்றை அவர் இறுக்கிய இறுக்கைக் கண்டு பாய் கிழிந்துவிடும் என்றே எண்ணினேன். அப்படி இறுக்கினால் மரம் வில்லைப்போல் வளைந்து, பாயின் மேலோரம் தளர்ந்து, திடீரென மோதும் காற்றை உச்சியால் வழியவிடுமாம். செட்டையையும் கழற்றிக் குட்டையானதொன்றை மாட்டினார். நீண்ட செட்டை வேகத்தில் பலகையை நீருக்கு மேலே தூக்கிவிடும். வளைகழியை இரண்டு விரற்கடை இறக்கினார்.

பிறகு அவர் சொன்னது எனக்கு விசித்திரமாக இருந்தது. வன்காற்று மோதும்போது பாயைத் திறக்காதே. பின்கையால் உள்ளே இழு. நிமிராதே; நாற்காலியில் அமர்வது போல் தாழ்ந்து, இடுப்புப் பட்டியின் கொக்கியால் உன் பாரம் முழுவதையும் வளைகழியில் தொங்கவிடு. அப்பாரம் மரத்தின் வழியே இறங்கிப் பலகையின் முன்பகுதியை நீரோடு அழுத்தி வைத்திருக்கும். அதற்கும் மிஞ்சினால் பாயைக் கீழே போடு, எல்லாம் நின்றுவிடும். காற்றை விட்டுத் தப்ப நினைக்கும் உடம்பை அதன்மேலேயே சாய்ந்திருக்கப் பழக்குவது இலேசான காரியமா?

அவள் மறுபடியும் பலகையைத் தூக்கினாள். தடுக்க வாயெடுத்தேன். ஏதேனும் நேர்ந்தால் அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது? ஆயினும் அவள் முகத்தைப் பார்த்தபின் வார்த்தை வரவில்லை. "முதலில் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போ" என்று மட்டும் சொன்னேன். நின்றபடியே குடித்துவிட்டுப் போனாள்.

இம்முறை காற்று மோதியதும் அவள் உடல் தாழ்ந்ததைக் கரையிலிருந்தே கண்டேன். பலகை துள்ளவில்லை, நீரோடு ஒட்டிக்கொண்டு பறந்தது. ஒரு மைலுக்குச் சற்றுக் குறைந்த அகலமுள்ள நதியைக் கடந்து வாஷிங்டன் கரையை அணுகினாள், திரும்பினாள். மறுபடியும் போனாள். ஆறாவது தடவையோடு எண்ணுவதை விட்டுவிட்டு, வந்ததிலிருந்து சரியாகப் பார்க்காத ஹூட் மலையைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தேன்.