காருக்கு அடியில் சொட்டிய தண்ணீர்

போன வருஷம் சித்திரை வெயிலில், திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஏசியைப் போட்டுக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, என் மனைவி இரும ஆரம்பித்தாள். அவளுக்கு வீசிங் உண்டு. "ஏங்க, அதை நிறுத்திட்டுக் கண்ணாடியை இறக்குங்க, மூச்சு முட்டுது" என்றாள். ஓரம் கட்டி நிறுத்தி, இன்ஹேலர் எடுத்து, அவள் சீராகும்வரை புளியமர நிழலில் நின்றோம்.

காருக்குள் ஈரச் சாக்கு நாற்றம் ஒரு மாதமாகவே இருந்தது. நான்தான் வாசனை டப்பா ஒன்றை வாங்கி மாட்டிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். காலடி மிதியடி ஈரமாக இருக்கிறது என்று அவள் சொன்னபோதும், தண்ணீர் பாட்டில் கொட்டியிருக்கும் என்று தட்டிக் கழித்தேன்.

ஒரு பட்டறையில் காட்டினேன். "கேஸ் குறைஞ்சிருக்கு சார்" என்று நிரப்பிக் கொடுத்தார்கள். பணம் போனது, நாற்றம் போகவில்லை. பெட்ரோல்போல் ஏசி கேஸ் தீர்ந்துபோகாது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைப் பார்க்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை. இத்தனை தெரிந்த நானும் வாயை மூடிக்கொண்டு பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டுத் தம்பி வந்து டேஷ்போர்டு டப்பாவைக் கழற்றி ஃபில்டரை உருவினான். வெள்ளையாக இருக்க வேண்டியது அடுப்புக்கரி நிறம். மடிப்புக்கு மடிப்பு சவுக்கு ஊசியும் வேப்பம்பூவும். நம் கடற்கரையில் சவுக்குத் தோப்புக்கு என்ன பஞ்சம்? முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் ஜல்லடை வழியாக எல்லாம் உள்ளே போயிருக்கிறது. காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது. புதிது சில நூறு ரூபாய்தான், மாற்றினோம்.

ஆனால் மூல வியாதி வேறு. "அங்கிள், ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில தண்ணி சொட்டுதா?" என்று கேட்டான். யோசித்துப் பார்த்தேன். சொட்டிப் பல நாள் ஆகிவிட்டது. உள்ளே குளிர்ச்சியான எவாப்பரேட்டர்மேல் காற்றின் ஈரம் படிந்து தண்ணீராகி, ஒரு ரப்பர் குழாய் வழியாக வெளியே போக வேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரம் கேட்கவே வேண்டாம். குழாய் அடைத்தால் தண்ணீர் பெட்டிக்குள்ளேயே தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். அதைத்தான் அவள் மூச்சில் இழுத்திருக்கிறாள்.

சாக்கை விரித்துப் படுத்து, மீன்தொட்டிக்குப் போடும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை மெதுவாக உள்ளே விட்டேன். கம்பி விட்டுக் குத்தினால் எவாப்பரேட்டர் ஓட்டையாகிவிடும். இரண்டு முறை அசைத்ததும் கறுப்புத் தண்ணீர் முழுவதும் என் முகத்தில் இறங்கியது. தம்பி சிரித்தான், நானும் சிரித்தேன். பிறகு கடையில் விற்கும் நுரை மருந்தை அடித்து, மறுநாள் வரை கண்ணாடிகளை இறக்கியே வைத்தோம். வீசிங் உள்ளவர்களை அந்த மருந்து வாடை போகும்வரை வண்டிப் பக்கமே விடாதீர்கள்.

கேஸ் குழாய்களை மட்டும் வீட்டில் தொடக் கூடாது. வண்டி சும்மா நிற்கும்போதே உள்ளே டயரைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு அழுத்தம். பல கார்களில் இருக்கும் ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது என்றாலும், காற்றில் விட்டால் கரியமில வாயுவைவிட 1,300 மடங்குக்குக் குறையாமல் பூமியைச் சூடாக்கும்.

முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கன்டென்சரில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. இங்கே என் வெட்கத்தைச் சொல்லியாக வேண்டும். நம் அணுமின் நிலையத்துக்குக் கடலடிச் சுரங்கம் வழியாகத்தான் குளிர்விக்கும் நீர் வருகிறது. அதில் ஒட்டும் சிப்பியோடும் பாசியோடும் மல்லுக்கட்டுவதே பராமரிப்புக்காரர்களுக்குத் தீராத வேலை. அந்தப் பராமரிப்பில்தான் என் சர்வீஸ் முழுவதும் போனது. வாசலில் நிற்கும் சொந்த வண்டியின் கன்டென்சருக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றத் தோன்றவில்லை. இப்போது வாரம் ஒரு முறை, என்ஜின் ஆறியபின், தோட்டக் குழாயால் மெதுவாக அலசுகிறேன். வேகமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

இன்னொன்று: வீடு வர ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஏசியை அணைத்து, ஃபேனை மட்டும் ஓட விடுகிறேன். உள்ளே காய்ந்துவிடுகிறது.

போன வாரமும் செங்கல்பட்டு போய் வந்தோம். இன்ஹேலர் கைப்பையிலேயே இருந்தது. வழியில் காபிக்கு நிறுத்தியபோது, முழங்கால் வலியோடு குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்துவிட்டு, "சொட்டுதுங்க" என்றாள்.