முலுண்டுக்கு அப்பால்

மும்பையில் பெரியோர் இன்றும் வி.டி. என்றே வழங்கும் சிவாஜி மகராஜ் நிலையத்தில் கல்யாண் வண்டி ஏறினால், தாதர், சயான், குர்லா, காட்கோபர் என ஊர்கள் ஒவ்வொன்றாய்க் கடந்து செல்லும். முலுண்டு தாண்டித் தானே வரும்போது சன்னலுக்கு வெளியே மாறுதல் எதுவும் தோன்றாது. ஆயினும் அவ்விரு நிலையங்களுக்கும் இடையே, நம் பிள்ளைகளின் படிப்பைத் தொடுகின்ற எல்லை ஒன்று இருக்கிறது.

1957-இல் மும்பை மாநகராட்சியின் எல்லை முலுண்டு, தகிசர் வரை விரிந்து நின்றது. அதற்கு உட்பட்ட மாநகராட்சிப் பள்ளிகளுக்கு மும்பையின் கருவூலம் துணை. அப்பாலுள்ள நகராட்சிப் பள்ளிகளுக்கு அந்தந்த நகராட்சியின் வருவாய் துணை.

2025-26-இல் மும்பை மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டம் 74,427 கோடி ரூபாய். கல்விக்கு மட்டும் 3,955 கோடி. தானே மாநகராட்சியின் மொத்தத் திட்டமோ சுமார் 5,600 கோடி. 2011 மக்கள் தொகையால் வகுத்தால் மும்பையில் தலைக்குச் சுமார் 60,000 ரூபாய். தானேயில் ஏறத்தாழ அதில் பாதி.

கட்டாய இலவசக் கல்விச் சட்டம், 2009, கோட்டின் இருபுறமும் ஒன்றே. அதற்கு மேல் தருவது ஊரின் பணத்தைப் பொறுத்தது. மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தாராவியில் நம் குழந்தைகள் தமிழிலேயே பயில்கின்றனர். சீருடை, காலணி, குடை, நோட்டுப் புத்தகம் என 27 பொருள்களும் இலவசம்.

அமெரிக்காவில் பள்ளிச் செலவின் கணிசமான பகுதி உள்ளூர்ச் சொத்து வரியைச் சார்ந்திருப்பதால், பல இடங்களில் செல்வர் வாழும் புறநகர்ப் பள்ளி செழிக்க, நகரின் நடுவே ஏழைகள் பயிலும் பள்ளி வாடுகிறது. இங்கோ செல்வம் நகரில். வாடகை தாளாத ஏழைகள் புறநகரில்.

நம்மவர் பலர் தாராவியை விட்டு டோம்பிவலி, அம்பர்நாத், பத்லாப்பூர் எனக் குடிபெயர்கின்றனர். குழாய்த் தண்ணீர் வருமா, நிலையம் எவ்வளவு தூரம் என்றெல்லாம் விசாரிக்கும் நாம், முன்பணம் கொடுக்குமுன் அருகிலுள்ள பள்ளியையும் ஒருமுறை நேரில் பார்த்து, எந்த மொழியில், எந்த வகுப்பு வரை உண்டு, ஆசிரியர் எத்தனை பேர் என்று கேட்டறிதல் வேண்டும். குறை கண்டால், சங்கத்தின் வாயிலாக நகராட்சிக்கும் மாநில அரசுக்கும் மனுச் செய்யலாம். வருவாய் குன்றிய ஊர்களுக்குக் கூடுதல் மானியம் தருவது அரசின் கடமையன்றோ?

தூரம் கூடக் கூட ரயில் கட்டணம் உயர்வது முறை. தூரம் கூடக் கூடக் குழந்தையின் கல்வி குறைவது முறையன்று.