பேழையும் யானைமலையும்

ஓஹையோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கென்டக்கி. அங்கிருந்து தெற்கே முக்கால் மணி நேரம் போனால் வில்லியம்ஸ்டவுன் என்றொரு சின்ன ஊர். சுற்றிலும் புல்வெளி, நடுவே ஒரு மரக்கப்பல். பக்கத்தில் கடல் கிடையாது. நோவாவின் பேழை என்று 2016-இல் கட்டித் திறந்தார்கள். பைபிளில் முழக் கணக்கில் சொன்னதை அடியாக்கி 510 அடி நீளம். நம் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் 170 அடி; அதைப்போல மூன்றைப் படுக்கப் போட்டு ஒட்டினால் எவ்வளவு வருமோ அவ்வளவு.

சின்சினாட்டிக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகியும் நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. போன அக்டோபரில் மகளின் வகுப்புத் தோழிக்குப் பிறந்தநாள். விருந்து அங்கேதான் என்று அழைப்பு வந்தது; தப்பிக்க வழியில்லை.

உள்ளே மூன்று தளம். வரிசை வரிசையாகக் கூண்டுகள், தீவனச் சாக்குகள், தண்ணீர்ச் சாடிகள். மரவேலை சுத்தம், தச்சர்களைக் கும்பிடலாம். ஒரு கூண்டின் முன்னால் மகள் நின்றுவிட்டாள். உள்ளே இரண்டு டைனோசர்கள். ஆடு, கரடிக்கெல்லாம் கொடுத்த அதே மரியாதையோடு அவற்றையும் ஏற்றியிருந்தார்கள். அவ்வளவு பெரிய உருப்படி எப்படிக் கொள்ளும் என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள்: குட்டிகளைத்தான் ஏற்றினாராம் நோவா. பூமிக்கு வயது சுமார் 6,000. பிரளயம் நடந்து 4,300 வருஷத்துக்குச் சற்றே மேல். பேழையிலிருந்து இறங்கிய டைனோசர்கள் மாறிப்போன தட்பவெப்பத்தில் இரை கிடைக்காமலும், மனிதர் வேட்டையாடியும் அற்றுப்போயின. மேலைநாட்டு டிராகன் கதைகள் அவற்றைக் கண்ட மனிதரின் நினைவுகள். இவ்வளவும் பலகைகளில் அழகாக எழுதி மாட்டியிருக்கிறது.

திரும்பி வரும்போது மகள் பின்சீட்டிலிருந்து கேட்டாள். "ஸ்கூல்ல 6 கோடியே 60 லட்சம் வருஷம்னு சொன்னாங்களேப்பா. யாரு சொல்றது கரெக்ட்?"

ஸ்கூல்தான் என்றேன். அவளுக்கு அது போதவில்லை. வீட்டுக்கு வந்ததும் மதுரை ஒத்தக்கடையிலிருக்கும் என் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுவிட்டாள். அம்மா அப்போதுதான் எழுந்து வாசல் தெளித்துவிட்டு வந்திருந்தது.

"டைனோசரா? அது என்னா தாயி, பல்லி மாதிரியா?"

"பல்லி இல்ல அப்பத்தா. நம்ம வீட்டவிடப் பெருசு."

"அம்புட்டுப் பெருசா! இப்ப எங்க இருக்கு?"

"எல்லாம் செத்துப்போய்க் கல்லாயிருச்சு."

"அப்படிச் சொல்லு. இங்கயும் ஒண்ணு அப்படித்தான் கெடக்கு" என்று அம்மா போனைச் சன்னல் பக்கம் திருப்பியது. திரை முழுக்க யானைமலை.

மதுரைக்கு வடகிழக்கே, படுத்த யானையாகத் துதிக்கையை நீட்டிக்கொண்டு கிடக்கும் அந்த ஒற்றைப் பாறையின் கதை ஊரில் எல்லாருக்கும் தெரியும். மதுரையை அழிக்கச் சமணர்கள் வேள்வி வளர்த்து ஒரு யானையை எழுப்பி ஏவினார்கள். சொக்கநாதர் வேடனாக வந்து நரசிங்கக் கணை தொடுத்தார். யானை விழுந்து மலையானது. பிறகு பாம்பு வந்தது, அது நாகமலை. மாயப்பசு வந்தது, அது பசுமலை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மூன்றுக்கும் தனித்தனிப் படலம் உண்டு. பேருருவம் கொண்ட விலங்குகள், ஒரு பேரழிவு, மிஞ்சியது கல். டைனோசர் என்ற பெயரை ரிச்சர்ட் ஓவன் சூட்டியதே 1842-இல்தான். அதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் ஊரில் கதை தயார்.

கதையில் ஒரு குறும்பும் இருக்கிறது. சமணர் ஏவிய யானை என்கிறோம். அதே மலையின் மேல்தான் சமண முனிவர் படுத்த கற்படுக்கைகளும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் இருக்கின்றன. அடிவாரத்தில் பாண்டியனின் அமைச்சன் மாறன்காரி குடைவித்த நரசிங்கர் கோயில்; கல்வெட்டின்படி கி.பி. 770. மலை யாருடையது என்ற வழக்கு அன்றே நடந்திருக்க வேண்டும். புராணம் அதில் ஒரு தரப்பின் வக்கீல்.

நிலவியலைக் கேட்டால் யானைமலையில் எந்த விலங்கும் இல்லை. இருக்கவும் முடியாது. மதுரை வட்டாரத்துப் பாறை பூமியின் ஆழத்தில் வெந்து, அழுந்தி, உருமாறியது. அதற்கு 50 கோடி வருஷத்துக்கு மேல் வயது. முதல் டைனோசர் தலைகாட்டியதோ சுமார் 23 கோடி வருஷத்துக்கு முன்னால். மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் குவாரிகளில் எவ்வளவு அறுத்தாலும் ஒரு எலும்புத் துண்டுகூடச் சிக்காது. என் பள்ளிக்கூடத்துப் புவியியல் வாத்தியார் சொல்வார்: "யானைமலைக் கதையைப் பரீட்சையில எழுதுனா முட்டை. வீட்ல போய் இல்லைன்னு சொன்னா சோறு கிடையாது. ரெண்டையும் பார்த்து நடந்துக்கங்கடா."

டைனோசர் வேண்டுமென்றால் திருச்சி தாண்டி அரியலூர் போகவேண்டும். சிமெண்ட் ஆலைகள் சுண்ணாம்புக்கல் வெட்டும் அந்தச் சீமை ஒரு காலத்தில் கடல். அங்கே கல்லமேட்டில் 1980-களில் யாதகிரியும் அய்யாசாமியும் ராட்சத எலும்புகளைக் கண்டு, பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். பிருகத் காயம், பேருடல். உலகிலேயே பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் எடுத்த எலும்புகள் பொடிந்துபோயின. அது எலும்பே இல்லை, கல்லான மரம் என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். பக்கத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்மரம் கிடப்பதால் அந்தச் சந்தேகத்தைத் தள்ளவும் முடியவில்லை. பழைய புகைப்படங்கள் 2022-இல் வெளிவந்த பிறகுதான் எலும்புக் கட்சிக்குக் கொஞ்சம் தெம்பு. பேழைக்காரர்களிடம் சான்று கேட்கும் நான், எங்கள் ஊர்ப் பேருடலுக்குப் போட்டோதான் மிச்சம் என்று சொல்லக் கூச்சப்படத்தான் வேண்டியிருக்கிறது.

அரியலூர், பெரம்பலூர்க் கற்களில் நிறையக் கிடைப்பது அம்மோனைட். ஆட்டுக்கொம்புபோலச் சுருண்ட ஓடுள்ள கடல் உயிரி. 2020-இல் குன்னத்தில் குளம் வெட்டும்போது கிடைத்த உருண்டைகளை டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டு பார்த்தது; நிலவியலார் வந்து, அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய மண் உருண்டை என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார்கள். டைனோசரை முடித்த அதே அழிவில்தான் அம்மோனைட்டும் முடிந்தது.

அதை நான் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன், பெயர் தெரியாமல். கூடலழகர் கோயில் பக்கத்தில் கூட்டாளி ஒருவன் வீடு. அவன் தாத்தா காலையில் வெள்ளிப் பெட்டியைத் திறந்து, எலுமிச்சை அளவில் வழவழப்பான கருங்கல் ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்துப் பாலால் திருமஞ்சனம் செய்வார். கல்லில் சின்னதாக ஒரு வாய். உள்ளே நெருக்கமாக வரிவரியாய் ஒரு சுருள். பால் அந்த வரிகளில் தங்கி, வெள்ளைக் கம்பிபோல ஒரு கணம் நின்று வழியும். பெருமாளின் சக்கரம் என்பார். நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வரும் சாளக்கிராமம். இமயமலை எழும்பும் முன் அங்கே கிடந்த கடலில் வாழ்ந்த அம்மோனைட்டின் தடம் அது. மத்தியப் பிரதேசம் தார் மாவட்டத்தில் பாட்லியா கிராமத்தார் குலதெய்வமென்று தேங்காய் உடைத்துக் கும்பிட்ட உருண்டைகள் நிஜமாகவே டைனோசர் முட்டைகள் என்று 2023 கடைசியில் செய்தி வந்தபோது, எனக்கு அந்தத் தாத்தா ஞாபகம்தான் வந்தது. கும்பிட்டதால் கல்லுக்கு ஒன்றும் குறையவில்லை, பத்திரமாகவே இருந்திருக்கிறது.

சரி, செத்தது எப்படி? அறிவியலிலும் இது ஒரே குரலாக வந்த பதில் இல்லை. இத்தாலியில் குப்பியோ என்ற ஊரில், இரண்டு சுண்ணாம்புப் பாறை அடுக்குக்கு நடுவே விரல் கனத்தில் ஒரு களிமண் படலம். அதில் பூமியில் அரிதான இரிடியம் அளவுக்கு மீறி இருந்தது. லூயி ஆல்வரெஸும் மகன் வால்டரும் கூட்டாளிகளும் 1980-இல் அதை வைத்து, சுமார் 10 கிலோமீட்டர் அகல விண்கல் விழுந்தது என்றார்கள். 1991-இல் மெக்சிகோவின் சிக்சுலூபில், 180 கிலோமீட்டர் அகலத்தில் புதைந்து கிடக்கும் பள்ளம்தான் அது விழுந்த இடம் என்று அடையாளம் கண்டார்கள். எதிர்க்கட்சி நம் தக்காணத்தைக் காட்டியது. அதே காலத்தில் இங்கே எரிமலைக் குழம்பு லட்சக்கணக்கான ஆண்டுகள் வழிந்து ராஜமுந்திரி வரைக்கும் ஓடியிருக்கிறது. சிவாஜியின் கோட்டைகள் நிற்கும் மலை, அஜந்தா குடைந்த பாறை எல்லாம் அது ஆறிய கல்தான். அதன் நச்சுக்காற்றே கொன்றது என்று கெர்டா கெல்லர் இன்னமும் வாதாடுகிறார். 2010-இல் 41 விஞ்ஞானிகள் சேர்ந்து விண்கல் பக்கம் கையெழுத்துப் போட்ட பிறகும் அவர் அசையவில்லை. நோபல் பரிசு வாங்கிய லூயி ஆல்வரெஸ் எதிர்த்தரப்பைத் தபால்தலை சேகரிப்பவர்கள் என்று ஏசியிருக்கிறார். சைவ சமணச் சண்டைக்குச் சளைத்ததில்லை.

ஆனால் விஞ்ஞானிகளுக்கும் பேழைக்காரர்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அதை 2014 பிப்ரவரி 4 அன்று, சின்சினாட்டி விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பீட்டர்ஸ்பர்க்கிலுள்ள படைப்பு அருங்காட்சியகத்தில் நடந்த வாதத்தில் பார்க்கலாம். பேழையைக் கட்டிய கென் ஹாம் ஒருபுறம், தொலைக்காட்சியில் அறிவியல் சொல்லும் பில் நை மறுபுறம். இரண்டரை மணி நேரம். நடுவில் ஒரு கேள்வி வந்தது: எது நடந்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்? ஒரே ஒரு சான்று போதும், தப்பான அடுக்கில் ஒரு புதைபடிவத்தைக் காட்டுங்கள் என்றார் நை. ஹாமோ, தேவ வார்த்தை உண்மையில்லை என்று தன்னை யாராலும் நம்பவைக்க முடியாது என்றார்.

வீடியோவை நிறுத்திவிட்டு நான் எழுந்துபோய்க் காப்பி போட்டுக் குடித்தேன். மதுரைக்காரனுக்கு அது வாதமாகவே படவில்லை. எங்கள் ஊரில் சம்பந்தரும் சமணரும் வாதிட்டபோது ஏட்டை நெருப்பில் போட்டார்கள், வைகையில் விட்டார்கள். எந்த ஏடு எதிரேறுகிறதோ அது ஜெயித்தது, தோற்றவர் கழுவேற வேண்டும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டுதான் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். ஏடு கரைசேர்ந்த இடம் திருவேடகம். எண்ணாயிரம் சமணர் கழுவேறியது நிஜமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள். நிஜமில்லாமல் இருந்தால் நிம்மதி. என்றாலும், தோற்பதற்கு ஒரு வழியைத் திறந்து வைத்துக்கொண்டு வாதாட வந்தவர்கள் அந்தக் கதையில் இருக்கிறார்கள். கழுமரத்தைக் கழித்துவிட்டால், கெல்லரும் ஆல்வரெஸும் செய்வது அதுதான்.

கென்டக்கியைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை. 2018-இல் ஒன்றிய இணையமைச்சர் ஒருவர், குரங்கு மனிதனாவதை யாரும் பார்த்ததில்லை, டார்வின் தப்பு என்றார். 2023-இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பாடத்தை எடுத்தார்கள். விருதுநகர் மாமா வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்: கோயில் யாளிதான் டைனோசர், நம் முன்னோர் பார்த்துச் செதுக்கினார்கள். டிராகனை வைத்துப் பேழைக்காரர்கள் சொல்வதும் இதையேதான். யானையையும் சிங்கத்தையும் மனதுக்குள் கலந்து ஒரு புது விலங்கைப் பெற்றெடுத்த சிற்பியை வெறும் நகலெடுப்பவனாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை. மாமாவிடம் சொல்லவில்லை. வயதில் பெரியவர்.

டிசம்பரில் ஊருக்கு வந்திருந்தோம். பேழையைப் பார்த்த பிள்ளைக்கு நம் பிரளயத்தைக் காட்டலாமென்று தோன்றியது. பாகவதத்தில் திராவிட மன்னன் சத்தியவிரதன் கிருதமாலா நதியில் நீர்க்கடன் செய்கிறபோது கைக்குள் ஒரு சின்ன மீன் வருகிறது. குடத்துக்கு வளர்ந்து, குளத்துக்கு வளர்ந்து, கடைசியில் பிரளயத்தில் அவன் ஓடத்தை இழுத்துப் போகிறது. கிருதமாலா என்பது வைகைதான் என்பாரும் உண்டு, கூடலழகர் கோயில் பக்கம் ஓடும் கிருதுமால்தான் என்பாரும் உண்டு. நான் கிருதுமால் கட்சி. ஆட்டோ பிடித்துப் போனோம்.

இரண்டு பக்கமும் சிமெண்ட் சுவர். அடியில் கறுப்பாக, நகராமல் சாக்கடை. ஒரு பிளாஸ்டிக் குடம் கவிழ்ந்து கிடந்தது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"மீன் எங்கப்பா?"

நான் பதில் தேடுவதற்குள் ஆட்டோக்காரர் முந்திக்கொண்டார். "மழ பேஞ்சா வரும் பாப்பா. மீனு இல்ல, தண்ணி. தெருவுக்கே வந்துரும்."