கறப்பவரின் கை

2022இல் தோல் கழலை நோய் இந்திய மாநிலங்கள் பலவற்றில் மாடுகளைக் கொன்றபோது, பாலைக் குடிக்கலாமா என்ற அச்சம் நகரங்களைப் பற்றிக்கொண்டது. அந்நோய் மனிதரைத் தொற்றுவதில்லை. தொற்றுவது வேறொன்று: எருமை அம்மை. அதற்கு நகரம் அஞ்சியதில்லை. அது பெரும்பாலும் கறப்பவரின் கையோடு நின்றுவிடுகிறது.

மகாராட்டிரத்தின் தொழுவங்களில் இது பலமுறை பதிவாகியுள்ளது. காம்பில் எழும் கொப்புளம், வெடிப்புற்ற விரலில் ஏறிப் புண்ணாகிறது. காய்ச்சலும் வருகிறது, அக்குளில் நெறி கட்டுகிறது. கறக்காமல் விட்டால் மடி வீங்கும். கறந்தால் அதே கை அடுத்த எருமைக்கும் நோயைக் கொண்டுசெல்லும்.

இவ்வைரஸ், பெரியம்மைத் தடுப்புக்குக் குத்தப்பட்ட அம்மைப்பாலின் வாக்சீனியா வைரஸுக்கு மிக நெருங்கிய உறவு. ஆகவே அன்று குத்திய அம்மை இதற்கும் ஓரளவு காப்பாக இருந்தது. பெரியம்மை ஒழிந்ததென 1980இல் உலகம் அறிவித்தது. அம்மை குத்துவதும் நின்றது. பெற்றோர் கையிலுள்ள தழும்பு பிள்ளைகள் கையில் இல்லை.

கையுறை அணிக, சோப்பிட்டுக் கழுவுக, நோயுற்ற எருமையைக் கடைசியில் கறக்க என்பன எளிய அறிவுரைகள். புண் ஆறும்வரை கறக்க வேண்டாம் என்பதும் சரியான அறிவுரையே. அந்நாட்களின் கூலியை யார் தருவது என்பதை மட்டும் அறிவுரை சொல்வதில்லை.