அரைப் பேர்

இரத்தினபுரிக்கு அப்பால், 1976 வரை களனிவெளிக் குறும்பாதை ரயிலின் கடைசி நிலையமாயிருந்த ஓப்பநாயக்கவை அடுத்த தோட்டமொன்றில் பிறந்தவன் நான். எங்கள் லயங்களில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பெற்றோர் இட்டது ஒன்று. செக்ரோலில் விழும் ஒருநாள் வேலை மற்றொன்று. வேலை குறைந்தால் அரைப் பேர். தோட்டக் கந்தோரைக் கூட்டித் துடைத்த என் தந்தைக்கு இரண்டாம் பொருளே வாழ்க்கையாய் இருந்தது.

ஓரிரவு பாடசாலை மண்டபத்தில் சார்ளி சப்ளினின் ‘த பேங்க்’ என்னும் ஊமைப்படத்தைக் காட்டினார்கள். 1915இல், தமது இருபத்தாறாம் வயதில், எஸ்ஸனே நிறுவனத்துக்காக அவர் இயக்கி நடித்த இரு சுருள் படம் அது. வங்கிக்குள் மிடுக்காக நுழையும் சார்ளி, பெட்டகத்தின் பூட்டைத் திருகித் திறந்து, உள்ளிருந்து எடுப்பது வாளியும் துடைப்பமுமே! மண்டபம் அதிர்ந்தது.

அங்கு வேலைசெய்யும் எட்னா, ‘சார்ல்ஸ்’ என்று பெயரிட்டு ஒரு கழுத்துப்பட்டியை வைத்திருக்கிறாள். காசாளனும் சார்ல்ஸ், துடைப்பவனும் சார்ல்ஸ். தனக்கென்று நம்பிய இவன் மலர்களை வைக்கிறான். தந்தவன் யாரென்று அறிந்ததும் அவள் அவற்றைக் குப்பைக்கூடையில் எறிகிறாள். பின்பு அவன் உறங்கிக் கனவு காண்கிறான். திருடர் வருகின்றனர், காசாளன் கோழையாகிறான், இவன் அவளையும் பணத்தையும் மீட்கிறான். அவள் கூந்தலை வருடிக்கொண்டே விழித்தால், கையிலிருப்பது துடைப்பத்தின் இழை.

இதனை வெறும் கோமாளிக்கூத்தென்று ஒதுக்குவோர் உளர். எனக்கு அது உடன்பாடன்று. பெட்டகம் திறக்கத் தெரிந்தவன், கனவிலேனும் அதில் ஒரு காசு எடுத்தானா? அங்கும் முதலாளியின் பணத்துக்குக் காவலே நின்றான். அவன் கேட்டதெல்லாம், அந்தப் பெயர் தன்னைக் குறிக்க வேண்டும் என்பதே.

இவையெல்லாம் பின்னாளில் தோன்றியவை. அன்று பதினான்கு வயது. எல்லோரினும் உரக்கச் சிரித்தவன் நான். தந்தை சிரிக்கவில்லை. லயத்துக்குத் திரும்பும் ஒற்றையடிப் பாதையில் கேட்டார்:

“அந்தப் பூவ ஏன் தம்பி அந்தப் புள்ள வீசிருச்சு?”

“கூட்டுறவன் குடுத்ததுன்னு தெரிஞ்சிருச்சுல்லப்பா!” என்றேன், இன்னமும் சிரித்தபடி.

அவர் மறுமொழி கூறவில்லை. எனக்குப் பின்னால் நடந்து, டோர்ச் வெளிச்சத்தை என் காலடிக்குப் பிடித்துக்கொண்டே வந்தார்.