சூரன் எங்கே செத்தான்?

ஓம் சரவணபவ.

கந்த சஷ்டி நெருங்குது. 'சம்ஹாரம்'ங்கிற சொல்லைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு. நான் எஸ்.பி.எம். வரைக்கும்தான் படிச்சவன். தப்பு இருந்தா பெரியவங்க திருத்துங்க.

பாசிர் கூடாங்ல நான் சூப்பர்வைசரா இருக்கிற ஃபேக்டரியில மெஷின் நின்னு, சாமான் சிதறி, ஆளாளுக்குக் கத்தினா, நம்ம பிள்ளைங்க "லைன்ல சூரசம்ஹாரம் அண்ணே"ன்னு சொல்வாங்க. நானும் அப்படித்தான் பேசுவேன். சில வருஷத்துக்கு முன்னாடி, சஷ்டி வாரத்துல, ஒரு தம்பி உள்ளே இரும்புத்துண்டு கிடக்கிறதைப் பார்க்காம மோல்டை மூடிட்டான். மோல்டு போச்சு. 2 நாள் லைன் நின்னுச்சு. "இவனை சம்ஹாரம் பண்ணாம விடமாட்டேன்"னு, வேலையை விட்டு நிறுத்தச் சொல்லி ரிப்போர்ட் எழுதினேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அன்னிக்கு சாயந்திரம் தோரணம் கட்டும்போது இதை ஓதுவார் ஐயாகிட்ட பெருமையா சொன்னேன். அவர் கேட்டார்: "சூரன் எங்கேப்பா செத்தான்?"

எனக்கு பதில் வரலை.

யோசிச்சுப் பாருங்க. 108 யுகம் ஆண்ட சூரபத்மன், கடைசியில கடல் நடுவுல மாமரமா நின்னான். வேல் அதை ரெண்டா பிளந்துச்சு. ஒரு பாதி மயிலாச்சு, ஒரு பாதி சேவலாச்சு. ஒண்ணு வாகனம், ஒண்ணு கொடி. எதிரியை முருகன் பக்கத்துலேயே வெச்சுக்கிட்டான்.

வடமொழியில 'சம்'னா ஒண்ணா சேர்த்து, 'ஹாரம்'னா எடுத்துக்கிறதுன்னு ஐயா விளக்கினார். சேர்த்து உள்ளே எடுத்துக்கிறதுதான் சம்ஹாரம். தமிழ்ல சங்காரம்னு எழுதுவாங்க. சிவபெருமானோட ஐந்தொழில்ல மூணாவது, அழித்தல். பிறந்து பிறந்து களைச்சுப்போன உயிருக்கு அது இளைப்பாறல்னு சித்தாந்தம் சொல்லுது. விளையாடி அலுத்த பிள்ளையை அம்மா தூங்க வைக்கிற மாதிரி. நாம என்னடான்னா அடிதடிக்கும் அமளிக்கும் அந்தப் பேரை வெச்சுட்டோம்.

மறுநாள் ரிப்போர்ட்டை மாத்தி எழுதினேன். அந்த ஷிஃப்டுல ஆள் குறைச்சல். மோல்டை மூடுறதுக்கு முன்னாடி நான் போய்ப் பார்க்கணும், பார்க்கலை. முதல் ரிப்போர்ட்ல அது ரெண்டும் இல்லை. சேர்த்தேன். எனக்கும் வார்னிங் லெட்டர் வந்துச்சு. வீட்டுக்காரி ஒரு வாரம் சரியா பேசலை. தம்பிக்கு வேலை தப்பிச்சுது.

இப்போ நம்ம கோயில்ல சூரனுக்குத் தலை மாத்துறது அவன்தான். யானைமுகம், சிங்கமுகம், சூரன் முகம், அப்புறம் மாமரம். போன வருஷம் சிங்கத்தலை மாட்டிக்கிட்டு வரவே இல்லை, முருகனே காத்திருந்தார்!

இந்த வருஷம் சூரனைத் தூக்க இன்னும் 4 பேர் வேணும். தோள் கொடுக்கிறவங்க கீழே பேர் போடுங்க. முருகா சரணம்.