வெட்கத்தால் பேசாமல் விட்ட ஒரு விடயம்



இதை எழுத முதல் என் கணவரிடம் கேட்டேன். "எழுது புள்ள, என்ட பேர மட்டும் போட்டிராத" என்றார். திருமணம் முடித்தவர்களுக்கான பதிவு இது. என்னிடம் படிக்கிற பிள்ளைகள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். (அவர்கள்தான் முதலில் வாசிப்பார்கள் என்பதும் தெரியும்.)

நல்ல கணவர், பெரிய சண்டை இல்லை, அல்லாஹ் பிள்ளைகளையும் தந்திருக்கிறான். ஆனாலும் தாம்பத்தியத்தில் ஆசை மட்டும் இல்லாமல் போய்விடுகிறது. எனக்கு இரண்டாவது பிள்ளை கிடைத்து ஏறக்குறைய இரண்டு வருடம் அப்படித்தான் போனது. அவர் மீது எனக்கு வெறுப்பில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்தால் நான் தூங்கமாட்டேன். ஆனால் இரவில் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் உடம்பு கல்லாகிவிடும்.

ஒருநாள் அவர் மிக மெதுவாக, "என்னப் புடிக்கல்லயா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. நாங்கள் படித்த படிப்பில் இதற்கு வார்த்தை இல்லையே. கல்வியியற் கல்லூரியில் பிள்ளை உளவியல் படித்தோம், பியாஜே படித்தோம். இதை யார் சொல்லித் தந்தார்கள்?

குடும்பத்தில் மூத்த ஒருவருக்கு விடயம் எப்படியோ போய்விட்டது. "யாரோ செஞ்சி வெச்சிருக்காங்க" என்று ஓதிய தண்ணீர் வந்தது. குர்ஆன் ஓதிய தண்ணீரை நான் மறுக்கமாட்டேன், குடித்தேன். ஆனால் செய்வினை என்று ஒருவரை நோக்கி விரல் நீட்டத் தொடங்கினால் அது இரண்டு குடும்பத்தைப் பிரித்துவிட்டுத்தான் ஓயும். அந்தப் பேச்சை அத்தோடு நிறுத்தச் சொன்னேன்.

பிறகு ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த வைத்தியர் சிரித்துவிட்டு, "ரெண்டு பிள்ள இருக்குத்தானே, பிறகென்ன?" என்றார். வெளியே வந்து ஆட்டோவில் அழுதேன். பிள்ளை பெற்ற பிறகு கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் தேவையில்லை என்று எந்த மார்க்கம் சொல்கிறது?

இரண்டாவதாகப் பார்த்த பெண் வைத்தியர் அரை மணித்தியாலம் கேள்வி கேட்டார். எத்தனை மணித்தியாலம் தூக்கம், இன்னும் பால் கொடுக்கிறீர்களா, என்ன குடும்பக் கட்டுப்பாட்டு முறை, முடி கொட்டுகிறதா, குளிர் தாங்குகிறதா, நோகிறதா, மனம் எப்படி இருக்கிறது. அவர் விளங்கப்படுத்தியதை ஆசிரியை பாணியில் சொல்கிறேன். பால் கொடுக்கும் காலத்தில் புரோலக்டின் என்ற ஹோர்மோன் கூடும், ஈஸ்ட்ரஜன் குறையும். அதனால் ஆசையும் குறையலாம், உலர்ந்து நோவும் வரலாம். இது உடம்பின் ஏற்பாடு, மனைவியின் குணம் அல்ல. நொந்த இடத்துக்கு மறுபடி போக எந்த உடம்பும் விரும்பாது. ஆகவே பலருக்கு முதலில் தீர்க்க வேண்டியது நோவைத்தான். மூன்று மாத ஊசியும் சில குளிசைகளும் சில பெண்களுக்கு ஆசையைக் குறைக்கும், எல்லோருக்கும் அல்ல. மனச்சோர்வு குறைக்கும். மனச்சோர்வுக்குத் தருகிற சில மருந்துகளும் குறைக்கும். (அதற்காக மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், எழுதித் தந்தவரிடம் சொல்லுங்கள். மாற்று உண்டு.) இரத்தச்சோகை, தைரொயிட் குறைவு, சீனி வருத்தம் இவையும் காரணமாகலாம்.

எனக்கு இரத்தப் பரிசோதனையில் தைரொயிட் குறைவு என்று வந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்னக் குளிசை. ஊசியையும் மாற்றினோம். மூன்று நான்கு மாதத்தில் உடம்பின் களைப்பு போனது. ஆசை அதே வேகத்தில் வரவில்லை, அது கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. ஏன் என்பது அடுத்த கதை.

நம் ஊர் வீடுகளை யோசித்துப் பாருங்கள். கிழக்கில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறவர். பக்கத்து அறையில் உம்மா வாப்பா, அடுத்த அறையில் தங்கச்சி. அறைக் கதவுக்குப் பதில் சில வீட்டில் திரைச்சீலை. குளியலறை ஒன்று. கடமையான குளிப்புக்கு சுபஹுக்கு முன் தண்ணீர் ஊற்றினால் வீடு முழுக்கக் கேட்கும். ஈரத் தலையோடு குசினிக்குள் போனால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் விளங்கும். அந்தக் கூச்சத்திலேயே வருடக்கணக்காக ஒதுங்கிய பெண்கள் இருக்கிறார்கள். 2006 இல் இடம்பெயர்ந்து கந்தளாயில் கிடந்த நாட்களைப் பற்றி உம்மாவின் வயதுப் பெண்கள் பசியையும் பயத்தையும் சொல்வார்கள். கணவன் மனைவி தனித்திருக்க ஒரு மூலை இல்லாததை யாரும் சொன்னதில்லை.

ஆசையைப் பற்றி ஆராய்ந்தவர்கள் அதை வாகனத்துக்கு ஒப்பிடுகிறார்கள். ஒரு மிதி வேகத்தைக் கூட்டும், இன்னொன்று பிரேக். நாம் வேகம் கூட்டத்தான் வழி தேடுகிறோம். பாமசியில் குளிசை, தேன், கருஞ்சீரகம். பிரேக்கை யாரோ இறுக்கி மிதித்துக்கொண்டிருப்பதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் செய்த முதல் செலவு ஒரு பலகைக் கதவும் உள்தாழ்ப்பாளும். சிரிக்காதீர்கள். அது எனக்கு மருந்துக்குச் சமமாக வேலை செய்தது.

இன்னொன்று: கனடாவைச் சேர்ந்த ரோஸ்மேரி பாசன் என்ற வைத்தியர் 2000 இல் எழுதியது. பல பெண்களுக்கு, அதிலும் திருமணமாகி வருடங்கள் போனவர்களுக்கு, ஆசை முதலில் வருவதில்லை. பேச்சு, அண்மை, அரவணைப்பு, அதன் பிறகுதான் ஆசை வருகிறது. இதை அவரும் நானும் சேர்ந்திருந்து வாசித்தோம். "அப்ப நீ பழுதாகல்ல" என்றார். இமாம் கஸ்ஸாலி தொள்ளாயிரம் வருடத்துக்கு முன்பே இஹ்யாவின் திருமண ஒழுக்கங்களில், கணவன் தன் தேவை முடிந்ததும் எழுந்துவிடாமல் மனைவிக்காகப் பொறுத்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். பயான்களில் அது ஏன் வருவதில்லையோ.

பயானில் வருவது எது என்று பெண்களுக்குத் தெரியும். கணவன் அழைத்து மனைவி மறுத்தால் மலக்குகள் சபிப்பார்கள் என்ற ஹதீஸ். அதை மறுக்க நான் யார்? ஆனால் நோய் ஒரு நியாயமான காரணம் என்று உலமாக்களே விளக்கியிருக்கிறார்கள். மனைவியரோடு நல்ல முறையில் வாழுங்கள் என்ற கட்டளையும் அதே மார்க்கத்தில்தான் இருக்கிறது. பயத்தால் சம்மதித்த நாட்களில் என் உடம்பு இன்னும் மூடிக்கொண்டது. இதை அவரிடம் சொன்னபோது அவர் முகம் மாறியது. பிறகு கொஞ்ச நாளைக்கு, நான் கேட்காமல் எதுவும் இல்லை என்று அவரே முடிவெடுத்தார். பக்கத்தில் படுத்துக் கதைப்பது மட்டும். அந்த நாட்களில்தான் பயம் விட்டது.

ஆண்களுக்கும் இது வரும். சீனி வருத்தம், சில பிரஷர் குளிசைகள், கடன், தூக்கமின்மை. கட்டாரிலிருந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு இரண்டு மாத லீவில் வருகிறவர்மீது ஊரே எதிர்பார்ப்பு வைக்கிறது. ஆசை என்ன, டிக்கட் திகதி பார்த்தா வரும்? இருவரும் பழக்கமில்லாதவர்கள்போல் முதல் வாரத்தைக் கழிப்பது சாதாரணம். உமர் ரழி அவர்கள், கணவன் இல்லாமல் ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று தன் மகள் ஹஃப்ஸா ரழி அவர்களிடம் கேட்டு, அதை வைத்தே படைவீரர்களின் தவணையை வரையறுத்ததாக வரலாறு சொல்கிறது. மாதக் கணக்குத்தான், வருடக் கணக்கல்ல.

சகோதரர்களே, பாமசியில் வாங்கும் நீலக் குளிசை இரத்த ஓட்டத்துக்கானது, ஆசையை உண்டாக்காது. நெஞ்சு வலிக்கு நைத்திரேற்று மருந்து எடுப்பவர் அதைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. நம்முடைய ஷாஃபிஈ மத்ஹபில் ஆண்மைக் குறைபாடுள்ள கணவனுக்கு மனைவியின் முறைப்பாட்டின் பேரில் ஒரு வருடம் தவணை கொடுக்கிறார்கள். நான்கு பருவமும் கடந்தால் நோய் விலகக்கூடும் என்பதே காரணமாம். அந்தக் காலத்து அறிஞர்களே இதை நோயாகப் பார்த்து நேரம் கொடுத்திருக்கிறார்கள். நாம் ஒரே கிழமையில் "ஆம்பிளையா நீ" என்று முடித்துவிடுகிறோம்.

ஆசை குறைந்த எல்லோரும் நோயாளிகள் அல்ல. அமெரிக்க மனநல வைத்தியர்களின் 2013 ஆம் ஆண்டுக் கையேடு, குறைந்தது 6 மாதம் நீடித்து, அது அந்தப் பெண்ணுக்கே மனவேதனை தந்தால்தான் அதைக் குறைபாடு என்கிறது. மாதத்தில் ஒருநாளோடு இருவரும் திருப்தியாக இருந்தால் அது உங்கள் வீட்டு அளவு, அடுத்த வீட்டு அளவோடு ஒப்பிட வேண்டாம்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் நடக்கும் சுக வனிதையர் கிளினிக் 1996 இலிருந்து இருக்கிறது, இலவசம். 35 வயதானவர்கள் எப்படியும் போக வேண்டியதுதான், போகிற நேரம் இதையும் கேளுங்கள். உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடம் முதலில் சொல்லலாம். பிள்ளைப் பேற்றில் கூடவே இருந்தவரிடம் என்ன வெட்கம்? மனம் மிகவும் தளர்ந்திருந்தால் 1926, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். போக முதல் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போதிருந்து, என்ன மருந்து, நோகிறதா, எத்தனை மணித்தியாலத் தூக்கம். நேரில் நாக்கு எழும்பாவிட்டால் தாளை நீட்டினால் போதும். நானும் அப்படித்தான் செய்தேன்.

சகோதரிகள் இன்பொக்ஸில் கேட்கலாம், ஸ்கூல் விட்ட பிறகு பதில் எழுதுவேன். கொமன்ட்டில் பெயர் சொல்லி யாரையும் டேக் பண்ண வேண்டாம்.